காலரா போன பிறகும்

மாலை ஐந்தேகால் மணிக்கு ரயில்வே கேட் மூடியது. எங்கள் வீட்டில் எல்லாம் தடம் புரளத் தொடங்கிய நேரம் அதுதான். கேட்காரர் இரண்டு இரும்புக் கதவுகளையும் இழுத்துச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டபோது நான் இருபதடி தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தேன். தோளில் என் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. வெந்நீர் அடுப்புக்கு வைத்திருந்த, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் தோல் மூட்டைக்குள் விளையாட்டாகக் கைவிட்டவளைத் தேள் கொட்டியிருந்தது. முதலில் அலறினாள். பிறகு அலறல் நின்றுவிட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உடம்பெல்லாம் வியர்த்து, வாயில் எச்சில் வழிந்து, கை கால்கள் கிணற்று வாளி போலச் சில்லிட்டிருந்தன.

கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாக வந்து பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. பிறகு பின்னால் போயிற்று. மறுபடி முன்னால் வந்தது. ஊரார் ஆஸ்பத்திரி என்று சொல்லும் பஞ்சாயத்து மருந்தகம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. வண்டிகளின் இடைவெளியில் அதன் வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். கேட்காரரிடம் கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. குழந்தையைப் பார்த்ததும் அவர் கண்ணும் கலங்கிவிட்டது. “திண்டிவனம் பாசஞ்சர் போவணும்மா. அதுக்கப்புறம்தான் தொறக்கலாம். நான் இன்னா பண்ணட்டும்? சாவி என் கையில இருக்குது, உத்தரவு ஸ்டேஷன்ல இருக்குது” என்றார்.

பாசஞ்சர் வந்தது. திண்டிவனத்தில் அரிசி ஆலையில் கணக்கு வேலை பார்த்துவிட்டு என் கணவர் தினமும் திரும்பும் வண்டி அது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் கேட்டுக்கு வெளியே என்னையும் தோளில் சாய்ந்திருந்த குழந்தையையும் பார்த்தார். வரவேற்க வந்திருக்கிறோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

அந்தக் கையசைப்பை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. என் மகள் பிழைத்தாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருந்தகத்தில் கம்பவுண்டர் ஊசி போட்டு, மல்லாட்டை ஏற்றிப் போன லாரியை மறித்து எங்களை விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்று ராத்திரி கழித்து அவள் எழுந்து உட்கார்ந்து கேப்பைக் கூழ் கேட்டாள். இப்போது அவள் உயர்நிலைப் பள்ளிக்கு ரயிலேறிப் போகிற பெண். எனக்குத்தான் இன்னும் குணமாகவில்லை. கூட்ஸ் வண்டியின் சத்தம் கேட்டால் கை தானாகத் தோளுக்குப் போகிறது.

எங்கள் ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிறது. பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்களில் பலர் இன்றும் கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்கள். நான் எழுத வந்தது அவர்களில் ஒருவரைப் பற்றி. ஊரே அவரை மெம்பரம்மா என்று கூப்பிட்டது. போன மாசியில் வளவனூரில் மகள் வீட்டில் இறந்துபோனார். சாவுக்குப் போயிருந்த இடத்தில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய மூக்குத்தியையும் வாயையும் பற்றித்தான் பேசினார்கள். அவர் செய்த ஒரு காரியத்தை யாரும் சொல்லவில்லை. அது வெளியே தெரிகிற காரியமும் இல்லை.

அவர் மல்லாட்டை மண்டி நடத்தினார். கணவர் இறந்த பிறகு மைத்துனன்மார்களிடமிருந்து மண்டியைப் பிடுங்கி நடத்தினார் என்பதுதான் சரி. தராசில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அவர் யாரையும் ஏமாற்றியதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பஞ்சாயத்து போர்டில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, தேர்தலில் பெண் யாரும் நிற்காததால், மெம்பர்களே சேர்ந்து அவரை எடுத்துக்கொண்டார்கள். பெண்பிள்ளை, ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் அறுவடைக் காலத்தில் மண்டிப் பக்கம் போனதில்லை போலிருக்கிறது. ஆனாலும் முதல் சில வருஷங்கள் மெம்பரம்மா பேசாமல்தான் இருந்தார். கூட்டத்துக்குக் கல்யாணத்துக்குப் போவது போல ஜரிகைச் சேலை கட்டிக்கொண்டு போவார், வருவார்.

மருந்தகம் முதலில் எங்கள் தெருக்கோடியில்தான் இருந்தது. தேள் கொட்டுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் அதைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாற்றியிருந்தார்கள். யார் மாற்றினார்கள், எப்போது முடிவு செய்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் இரண்டு மாட்டு வண்டிகள் வந்தன. அலமாரி, மேஜை, மருந்துப் புட்டிகள் எல்லாம் ஏறின. அவ்வளவுதான்.

குழந்தை தேறி வந்த வாரத்தில் நான் மண்டிக்குப் போனேன். மெம்பரம்மா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தங்கச்சி, கொழந்த எப்படி இருக்குது?”

“உசுரோட இருக்குது. நீங்க எல்லாம் கை தூக்கித்தானே ஆஸ்பத்திரிய அந்தாண்ட அனுப்பனீங்க? உங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“நானா?” என்றார். கோபம் வரவில்லை. உண்மையாகவே திகைத்துப்போனார். “ஆஸ்பத்திரியப் பத்தி எங்க கூட்டத்துல பேச்சே வரலியேடி.”

மறுநாள் சாயங்காலம் அவரே என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. வளையல்கள் குலுங்க வலது கையை என் முன்னால் நீட்டினார். “தூக்கியிருக்கறேன். ஆபீஸ்ல போயிக் கேட்டேன். போண்டா துன்னுக்கினே தூக்கியிருக்கறேன். இந்தக் கையிதான்.”

அந்த போண்டாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பதுகளின் நடுவில் எங்கள் ஊரில் காலரா வந்தது. அப்போதிருந்த நிர்வாக அதிகாரி, ஊர்ப் பேச்சில் இ.ஓ., நல்ல மனிதர். பிளீச்சிங் பவுடர் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு கிணறு கிணறாகப் போனார். ஒவ்வொரு கிணற்றையும் மூடுவதற்கும், ஒவ்வொரு வண்டித் தண்ணீருக்கும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுத நேரமில்லை. அதனால் போர்டு ஒரே தீர்மானமாகப் போட்டுக் கொடுத்தது: நோய் தணியும் வரை அவசியமானதை நிர்வாக அதிகாரி முதலில் செய்யலாம், போர்டு பின்னால் ஒப்புதல் கொடுக்கும். அதில் ஒரு தப்பும் இல்லை. அந்தத் தீர்மானத்தால் பிழைத்த உயிர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. நோய் தணிந்தது. ஆனால் தணிந்துவிட்டது என்று யார் சொல்ல வேண்டும் என்பதை அதில் எழுத மறந்துவிட்டார்கள்.

நல்லவர் மாற்றலாகிப் போனார். அதிகாரம் நாற்காலியிலேயே தங்கிவிட்டது. பிறகு வந்தவர்கள் முதலில் தெருவிளக்கு நட்டார்கள். சந்தைக் கடைகளை இடம் மாற்றினார்கள். வண்டிப்பேட்டையை மாற்றினார்கள். எல்லாம் முதலில் நடந்தது, மாதக் கடைசியில் போர்டுக்கு வந்தது. நடந்து முடிந்ததற்கு மெம்பர்கள் என்ன பேசுவது? கூட்டம் தொடங்கியதும் ஓட்டலிலிருந்து போண்டாவும் காபியும் வரும். எண்ணெய்க் கையால் தாளைத் தொட முடியாது என்பதால் யாரும் தாளைப் படிப்பதில்லை. பிரசிடெண்ட் ஊர்ப் பெரியவர், சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறவர். “ஒண்ணுலேருந்து கடைசி வரைக்கும் ஆல் பாஸ்தானே?” என்பார். எண்ணெய்க் கைகள் மேலே போகும். ஆல் பாஸ். பள்ளிக்கூடத்தில் மொத்த வகுப்பையும் மேலே தூக்கிவிடுவது போல. இந்தப் பழக்கத்தை இ.ஓ. கொண்டுவரவில்லை. மெம்பர்களுக்கே அது சௌகரியமாக இருந்தது. படிக்காமல் இருந்தால் பதில் சொல்லவும் வேண்டாம்.

மெம்பரம்மாவும் நானும் இ.ஓ.வைப் பார்க்கப் போனோம். கொடுமைக்காரரை எதிர்பார்த்து வாசற்படி ஏறினேன். இளம் வயது, சுத்தமான சட்டை, எழுந்து நின்று எங்களுக்கு நாற்காலி போட்டார். அவர் ஒரு காசு லஞ்சம் வாங்காதவர் என்று ஊருக்கே தெரியும். குழந்தையைப் பற்றி விசாரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: “பழைய கட்டடம் ஒழுகுதும்மா. மருந்தெல்லாம் நனையுது. அந்தப் பக்கம் நல்ல கட்டடம் வாடகையில்லாம கெடைச்சுது. மேற்குப் பக்கத்து ஜனங்களுக்கும் ஆஸ்பத்திரி வேணும் இல்லையா?”

அவர் சொன்னது எல்லாம் உண்மை. “கேட் மூடுமே சார்” என்றேன்.

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “அதை யாரும் எங்கிட்ட சொல்லலையேம்மா.”

“நீங்க யாரையும் கேக்கலியே சார்” என்றார் மெம்பரம்மா.

பன்னிரண்டு மெம்பர்களில் யாரைக் கேட்டிருந்தாலும், போண்டாவை வாயில் வைத்துக்கொண்டாவது, ‘சார், கேட்டு’ என்று சொல்லியிருப்பார்கள். தினமும் அந்தக் கேட்டில் நின்று வேர்த்தவர்கள் அவர்கள். வெளியூரிலிருந்து வந்தவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அவருக்கு அது எப்படித் தெரியும்? ஒரு சபை எதற்காக இருக்கிறது என்று என்னிடம் யாராவது கேட்டால், நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான்.

இ.ஓ. மனமிறங்கினார். “தீர்மானம் கையில இருக்கு, அதனாலதான் செஞ்சேன். போர்டே குடுத்த பவர். பரவாயில்ல, உங்களுக்காக ஒண்ணு பண்றேன். வாரத்துல ரெண்டு நாள் கம்பவுண்டரை உங்க பக்கம் அனுப்பி வைக்கிறேன்” என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கைகூப்பப் போனேன். மெம்பரம்மா என் முழங்கையைப் பிடித்து எழுப்பி, “யோசிச்சி சொல்றோம் சார்” என்று வெளியே இழுத்து வந்துவிட்டார்.

தெருவில் நின்று நான் அவரோடு சண்டை போட்டேன். மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. தேள் வெளியே வரும் காலம். “தேள் கொட்டனது உங்க பேத்திய இல்ல, என் பொண்ண. குடுக்கறத வாங்கிக்கினு போறத உட்டுட்டு இன்னா யோசன?” என்று கத்தினேன்.

அவர் என்னைக் கத்தவிட்டார். பிறகு சொன்னார்: “வாங்கிக்கோ. நான் தடுக்கல. ரெண்டு நாளு குடுத்தவரு நாளைக்கி ஒரு நாளாக்குவாரு. நாளானிக்கி அவரு போயி வேற ஒருத்தரு வருவாரு, நீ திரும்பப் போயி அழுவணும். உனுக்கு அழ வருது. அழ வராதவ இன்னா பண்ணுவா?”

அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர், “ரெண்டு நாளு வருதுன்னா வாங்கிக்கலாமே, எதுக்கு பேஜாரு?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் படுக்கையில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, தேள் எந்த இரண்டு நாளில் வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். என் குழந்தையின் உயிரை ஒரு நல்ல மனிதரின் இரக்கத்தில் கட்டி வைத்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. கேட்காரர் கண் கலங்கியதும் இரக்கம்தான். கதவு திறக்கவில்லையே.

மறுநாள் காலையில் மண்டிக்குப் போய், “இன்னா பண்ணணும்னு சொல்லுங்க” என்றேன்.

மருந்தகத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்றார் அவர். நான் திகைத்தேன். முதலில் காலரா காலத்துத் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும், அதிகாரம் போர்டுக்குத் திரும்பி வர வேண்டும், பிறகு மருந்தகம் எங்கே என்று எல்லோரும் உட்கார்ந்து அடித்துக்கொள்ளட்டும் என்றார். தனிக் கூட்டம் கேட்டு எழுதிக் கொடுத்தார். பழைய தீர்மானத்தை ரத்து செய்ய மெம்பர்களில் பாதிப்பேராவது, அதாவது ஆறு பேர், கூட்டத்தில் இருக்க வேண்டும். குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் ஆள் சேராவிட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

இருவரும் வீடு வீடாகப் போனோம். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டத் தேதி தெரிந்ததும் ஊரில் திடீரென்று விசேஷங்கள் பெருகின. ஒருவருக்குத் திருவாமாத்தூரில் வேண்டுதல். ஒருவருக்கு முகையூரில் காது குத்தல். இன்னொருவர் அப்போதே இருமத் தொடங்கினார். இ.ஓ. யாரையும் மிரட்டவில்லை. மிரட்டத் தேவையில்லை. ஒருவரின் தெருவிளக்கும், ஒருவரின் கடை லைசென்சும், ஒருவர் மைத்துனனின் ரோடு வேலையும் அவர் மேஜையில் இருந்தன. “காது குத்தலாம்!” என்று வெளியே வந்ததும் மெம்பரம்மா சிரித்தார். “காதுலதான் பூ சுத்தறாரு.”

கடைசியாக, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேற்கு வார்டு மெம்பர் வீடு. கரும்பும் மல்லாட்டையும் பயிர் செய்கிற சம்சாரி. பழைய எடைத் தகராறு ஒன்றில் மெம்பரம்மாவோடு வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாதவர். மருந்தகம் வந்ததில் லாபமடைந்தது அவர் வார்டு.

“தராசத் தூக்கிக்கினு வந்துட்டியா?” என்றார் எங்களைப் பார்த்ததும்.

“உன்ன நிறுத்தறதுக்கு எங்கிட்ட படிக்கல்லு இல்லண்ணே. கூட்டத்துக்குக் கூப்புட வந்தேன்.”

“எங்க சனம் இத்தினி நாளா கேட்டுல நின்னு செத்துது. அப்போ நீங்க யாரும் கூட்டம் போடல. இப்பத்தான் எங்களுக்கு ஒரு வழி பொறந்திருக்குது. அத்தப் புடுங்க என் கையையே கேக்கறியா?”

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. அந்தக் கேட்டுக்கு இரண்டு பக்கமும் உண்டு என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. மெம்பரம்மா மட்டும் அசையவில்லை. “ஆஸ்பத்திரியக் கேக்கலண்ணே. அந்தப் பழைய தீர்மானம் காலராவுக்குக் குடுத்த கஷாயம். காலரா போயி எத்தினி வருசம் ஆச்சு? இன்னும் குடிச்சிக்கினு இருக்கறோம்.”

“இனிப்பா இருந்தா குடிக்கறதுதான்.”

“இன்னிக்கி இனிக்குது. யாரையும் கேக்காம இந்தாண்ட வந்தது, யாரையும் கேக்காம அந்தாண்ட போவாதா?”

அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. மோர் மட்டும் கொடுத்தார்.

பிறகு என்ன ஆயிற்று என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக் காட்சிக்குப் பிறகு பேச எனக்கு ஒன்றும் இருக்காது. மருந்தகம் எங்கே என்று போர்டில் மாதக்கணக்காகச் சண்டை நடந்தது. நாற்காலிகூட ஒரு முறை உருண்டது. கடைசியில் காலையில் அந்தப் பக்கம், மாலையில் இந்தப் பக்கம் என்று முடிவாகி, இரண்டு பக்கமும் முதலுதவி மருந்து எந்நேரமும் இருப்பது என்று தீர்மானமாயிற்று. ஒருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் ஏன் அப்படி என்று ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த இ.ஓ.வும் முகம் சுளிக்காமல் அதை நடத்திக் கொடுத்தார்.

மெம்பரம்மா வளவனூர் போன பிறகு அவருடைய நாற்காலிக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் சபைகள் கூடாத மாதங்களில் பிறக்கும் அவசரச் சட்டங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க் காலரா நினைவுக்கு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. எப்போது முடியும் என்றுதான் தெரிவதில்லை. எங்கள் போர்டிலும் ‘பின்னர் ஒப்புதல்’ என்ற வரிகள் மறுபடி தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. போண்டாவும் வருகிறது. நாளை கூட்டம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லப் போகிறேன். முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். என் மகள் தினமும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் ரயிலுக்குப் போகிறாள்.

அந்தத் தனிக் கூட்டத்தன்று பார்வையாளர் பெஞ்சில் நான் ஒருத்திதான். போண்டா வரவில்லை. தீர்மானம் முடிகிறவரை எதுவும் அனுப்பக்கூடாது என்று மெம்பரம்மா ஓட்டல்காரருக்குச் சொல்லி வைத்திருந்தார். இ.ஓ. கோப்புகளோடு மரியாதையாகக் காத்திருந்தார். பிரசிடெண்டையும் சேர்த்து ஐந்து பேர். சுவர்க் கடிகாரம் ஓடியது. மெம்பரம்மா வாசலைப் பார்க்கவில்லை. சேலை ஜரிகையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்போது தூரத்தில் கூட்ஸ் வண்டி ஊதியது. கேட் மூடியிருக்கும். என் கை தோளுக்குப் போயிற்று. அங்கே குழந்தை இல்லை. மேற்கு வார்டு மெம்பர் வர நினைத்திருந்தாலும் இனி வர முடியாது என்று எனக்குத் தெரிந்தது. பிரசிடெண்ட் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். “இன்னும் கொஞ்ச நேரந்தாம்மா. அப்புறம் நான் கலைச்சிட வேண்டியதுதான். ரூலு அப்படி.” மெம்பரம்மா தலையசைத்தார். மேஜை மேலிருந்த மணியைப் பிரசிடெண்ட் கையில் எடுத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். மேற்கு வார்டு மெம்பர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். வெள்ளை வேட்டியில் முழங்காலுக்கு மேல் கறுப்பு எண்ணெய்க் கறை, இரண்டு உள்ளங்கையிலும் கருங்கல் ஜல்லி குத்திய தடம். நின்றிருந்த வண்டிக்கு அடியில் தவழ்ந்து வந்திருக்கிறார். அவர் மெம்பரம்மாவை ஒரு முறை முறைத்துப் பார்த்தார். பிறகு பிரசிடெண்ட் பக்கம் திரும்பினார்.

“ஆஸ்பத்திரி எங்காண்டதான் இருக்கணும். அத்த நான் உடமாட்டேன். இந்தம்மாகிட்ட கடைசி வரைக்கும் சண்ட போடுவேன். ஆனா சண்ட போட எனக்கு ஒரு எடம் வேணுமே, ஐயா. அதுக்குத்தான் வந்தேன். என் பேர எழுதிக்குங்க.”